குதிரை வண்டிக்குப் போட்ட பாதை

நியூயார்க் நகரத்தின் நடுவே இருக்கும் சென்ட்ரல் பார்க்கை வரைந்தவர்கள் இருவர்: பிரெடரிக் லா ஓம்ஸ்டெட், கால்வர்ட் வாக்ஸ். பூங்கா வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த 1860 ஆகஸ்ட் மாதத்தில், ஓம்ஸ்டெட் ஓட்டிச் சென்ற வண்டியின் குதிரை தறிகெட்டு ஓடியது. தூக்கி எறியப்பட்டதில் அவருடைய இடது தொடை எலும்பு நொறுங்கியது. உயிர் பிழைத்தார். ஆனால் அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகிப்போக, சாகும்வரை விந்தி விந்தித்தான் நடந்தார். எழுந்து நிற்க முடியாத நாட்களில், மலைக்கோயிலுக்கு முதியவர்களை டோலியில் தூக்கிப் போவதுபோல, ஆட்கள் அவரைச் சுமந்துகொண்டு பூங்காவைச் சுற்றிவந்தார்கள். படுத்த நிலையிலேயே வேலையை மேற்பார்வையிட்டார். உலகெங்கும் நகரப் பூங்காக்களுக்கு முன்மாதிரியாகக் கொண்டாடப்படும் இடத்தின் ஒரு பகுதி, நடக்க முடியாத ஒருவரின் கண்முன்னே எழுந்தது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. பழமையான பூங்காவிலோ தோட்டத்திலோ சாய்தளம் வேண்டும், கைப்பிடி வேண்டும், சக்கர நாற்காலி போகும் அளவுக்குச் சமமான பாதை வேண்டும் என்று யாராவது கேட்டால், உடனே ஒரு பதில் வரும்: இது வரலாற்றுச் சின்னம், இதில் கைவைத்தால் பழைய அழகு கெட்டுவிடும். பாரம்பரியம் ஒரு தட்டிலும் மாற்றுத்திறனாளிகளின் வசதி இன்னொரு தட்டிலும் இருப்பதாகவும், ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும் என்றும் இந்தப் பதில் நம்புகிறது. இந்த நம்பிக்கை தவறு என்பதற்குச் சென்ட்ரல் பார்க்கே சான்று. அதன் மூல வரைபடத்தை உண்மையாகக் காப்பாற்ற நினைக்கிறவர், படியில்லாப் பாதையையும் காப்பாற்றியே ஆகவேண்டும்.

பூங்கா பிறந்த கதையைப் பார்க்கலாம். 1853-ல் சட்டம் இயற்றி நிலம் எடுத்தார்கள். வடிவமைப்புப் போட்டிக்கு வந்த 33 திட்டங்களிலிருந்து 1858-ல் ஓம்ஸ்டெட்டும் வாக்ஸும் அளித்த ‘கிரீன்ஸ்வார்டு’ திட்டம் தேர்வாயிற்று. ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளம், 800 மீட்டர் அகலம், 843 ஏக்கர். பாறையும் சதுப்பும் நிறைந்த நிலம் அது. காலி நிலம் அல்ல. மேற்கு ஓரத்தில் செனகா வில்லேஜ் என்ற குடியிருப்பு இருந்தது. 1855 கணக்கெடுப்பின்படி அங்கே ஏறத்தாழ 225 பேர் வாழ்ந்தார்கள், பெரும்பாலோர் கறுப்பின மக்கள், சொந்தமாக நிலம் வைத்திருந்தவர்களும் உண்டு. 1857-க்குள் அத்தனை பேரையும் வெளியேற்றிவிட்டார்கள். எல்லோருக்குமான பூங்கா என்ற வாக்குறுதி, அதைக் கொடுத்த நேரத்திலேயே சிலருக்கு மீறப்பட்டது. ஆகவே இந்தப் பூங்காவின் கொள்கையைப் புகழும்போது எச்சரிக்கை தேவை. ‘எல்லோரும்’ என்று சொல்லிவிட்டால் மட்டும் எல்லோரும் உள்ளே வந்துவிட மாட்டார்கள் என்பதை அதன் முதல் அத்தியாயமே காட்டிவிடுகிறது.

ஆனாலும் அந்தக் கொள்கை வெறும் அலங்காரப் பேச்சு அல்ல. கோடையில் மலைவாசஸ்தலத்துக்குப் போகும் வசதி பணக்காரர்களுக்கு உண்டு, உழைத்துக் களைத்த லட்சக்கணக்கானவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடையாது, அந்த ஓய்வை நகரத்துக்குள்ளேயே அவர்களுக்குத் தரவேண்டும் என்பது ஓம்ஸ்டெட்டின் எண்ணம். இந்த எண்ணத்தைப் பாதைகளின் அமைப்பில் கொண்டுவந்ததில்தான் இருவரின் மேதைமை தெரிகிறது. வண்டிகளுக்கு ஒரு சாலை, குதிரைச் சவாரிக்கு ஒரு தடம், நடப்பவர்களுக்கு ஒரு பாதை என்று மூன்றையும் பிரித்தார்கள். ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் மேலே பாலம், கீழே வளைவு. நகரத்தின் சரக்கு வண்டிகள் பூங்காவைக் குறுக்காகக் கடக்க நான்கு சாலைகள் வேண்டும் என்பது போட்டியின் நிபந்தனை. அந்த நான்கையும் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளம் தோண்டி இறக்கினார்கள். மேலே உலவுகிறவருக்கு அவை கண்ணில் படுவதே இல்லை. சாலையைக் கடக்கும் அச்சம் இல்லாமல் நடக்கலாம் என்பது காது கேளாதவருக்கும் பார்வை குறைந்தவருக்கும் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. அவர்களை மனதில் வைத்துச் செய்தது அல்ல அது. எல்லோருடைய மன அமைதிக்காகவும் செய்தது, அவர்களுக்கும் பயன்படுகிறது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பூங்கா திறந்த முதல் பத்தாண்டில் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் குதிரை வண்டிகளில் வந்தார்கள். அந்தக் காலத்தில் சொந்த வண்டி வைத்துக்கொள்வது நகரத்தின் மிகச் சிறு பணக்காரக் கூட்டத்துக்கு மட்டுமே முடிந்தது. அவர்களுக்காகப் பாறையை வெடிவைத்துத் தகர்த்து, பள்ளத்தை நிரப்பி, குதிரை இளைக்காமல் இழுக்கும் அளவுக்கு மெல்லிய ஏற்ற இறக்கத்தோடு நீண்ட வளைவுகளில் சாலை போட்டார்கள். சக்கரம் படியேறாது என்பது 1860-லேயே எல்லோருக்கும் தெரியும். செல்வந்தரின் சக்கரத்துக்காக மலையையே சமப்படுத்தத் தயங்காத நகரம், மாற்றுத்திறனாளியின் சக்கரத்துக்கு வழி கேட்டால் பழமை கெடும் என்று சொல்வதில் நியாயம் இல்லை. இன்று சென்ட்ரல் பார்க்கில் சக்கர நாற்காலியில் நெடுந்தொலைவு போகக்கூடிய வழிகளில் முதன்மையானவை இந்தப் பழைய வண்டிச் சாலைகளே. 2018 ஜூன் மாதத்திலிருந்து மோட்டார் கார்களுக்கு அவற்றில் அனுமதி இல்லை. வேகமாக வரும் சைக்கிள்களைத்தான் இப்போது கவனிக்க வேண்டியிருக்கிறது.

தென்மேற்கு மூலையில், கொலம்பஸ் சர்க்கிள் சுரங்க ரயில் நிலையத்தில் மின்தூக்கி உண்டு. அங்கிருந்து மேலே வந்து பூங்காவுக்குள் நுழையலாம். கிழக்கே திரும்பி நடந்தால் ‘மால்’ வரும். பூங்கா முழுவதும் வளைந்து நெளியும் பாதைகள்தான். இது ஒன்று மட்டும் நேராகவும் அகலமாகவும் சமமாகவும் போகிறது. இருபுறமும் அமெரிக்க எல்ம் மரங்கள் தலைக்கு மேலே கிளை கோத்து நிற்கின்றன. ஒரு நோயால் அந்நாட்டின் எல்ம் மரங்கள் பெருமளவு அழிந்துபோன பிறகு, இவ்வளவு எல்ம்கள் ஒரே இடத்தில் தப்பி நிற்பது அரிது. வண்டியில் வந்தவர்கள் மாலின் தென்கோடியில் இறங்கி, வடகோடி வரை காலாற நடந்து, அங்கே வந்து காத்திருக்கும் வண்டியில் ஏறிக்கொள்ளட்டும் என்பது அன்றைய ஏற்பாடு. அந்தப் பகட்டான உலாவுக்காக அகலமாகப் போட்ட தளத்தில் இன்று சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் வாக்கர் பிடித்த பாட்டியும் அருகருகே போகலாம். 2020-ல் இந்த மாலில்தான், பெண்ணுரிமைப் போராளிகளான சோஜர்னர் ட்ரூத், சூசன் பி. ஆன்டனி, எலிசபெத் கேடி ஸ்டான்டன் மூவரின் சிலை நிறுவப்பட்டது. எல்லோரும் வந்து சேரக்கூடிய இடத்தில் அதை வைத்தது சரியான முடிவு.

மாலின் முடிவில் பெதஸ்டா மாடம். வாதத்தின் கடினமான பகுதி இங்கே வருகிறது. இரண்டு தளங்கள் கொண்ட அமைப்பு. மேல்தளத்திலிருந்து பார்த்தால் கீழே நீரூற்று, அதன் நடுவே எம்மா ஸ்டெபின்ஸ் வடித்து 1873-ல் திறக்கப்பட்ட தேவதைச் சிலை, அப்பால் ஏரி. நகரத்துக்கு 1842-ல் நல்ல குடிநீர் வந்ததைக் கொண்டாடும் சிலை அது. மேலிருந்து கீழே இறங்கக் கம்பீரமான கற்படிகள். மேல்தளத்துச் சாலைக்கு அடியில் உள்ள மண்டபத்தின் கூரையில் 15,000-க்கும் மேற்பட்ட மின்டன் ஓடுகள் பதித்திருக்கிறார்கள். கைப்பிடிச் சுவரெல்லாம் பறவையும் பழமும் கொடியுமாகச் செதுக்கு வேலை. இந்தப் படிக்கட்டை இடித்துச் சாய்தளம் போடு என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அது கலைப் படைப்பு. ஆனால் சாலையின் இருபுறமும் இருந்து சரிந்து இறங்கும் பாதைகளில் சுற்றிவந்தால் நீரூற்றுத் தளத்தைப் படியில்லாமலே அடைய முடியும். படிக்கட்டு ஒரு வழி, சரிவு இன்னொரு வழி, இரண்டும் ஒரே இடத்தில் முடிகின்றன. சுற்றுவழி நீளமானது என்பது குறைதான். நீண்டாலும் அது குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் போகும் கொல்லை வழி அல்ல, ஏரியைப் பார்த்தபடி மர நிழலில் போகும் வழி. மாற்று வழி அமைக்கும்போது கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: படியில் இறங்குகிறவருக்குக் கிடைக்கும் காட்சியும் மரியாதையும் சரிவில் வருகிறவருக்கும் கிடைக்கிறதா?

சாய்தளம் என்றாலே அசிங்கமான கான்கிரீட் பலகை என்று நினைப்பவர்கள், அதன் கணக்கைத் தெரிந்துகொண்டால் ஏன் அப்படி அமைகிறது என்பது புரியும். ஒரு அடி உயர 12 அடி நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. இரண்டரை அடி உயரத்துக்கு ஒருமுறை, நின்று இளைப்பாறச் சமதளம் வேண்டும். ஆக 5 அடி உயரப் படிக்கட்டுக்கு ஈடாக 60 அடிக்கு மேல் சாய்தளம் தேவை. இதைக் கட்டடத்தின் முகப்பில் கடைசி நேரத்தில் ஒட்டவைத்தால் கண்ணை உறுத்தத்தான் செய்யும். ஆனால் 20 அடிக்கு ஒரு அடிக்கு மிகாமல் ஏறும் வழிக்குச் சாய்தளம் என்ற பெயரே கிடையாது. அமெரிக்க விதிப்படி அது சாதாரண நடைபாதை, பக்கவாட்டுக் கைப்பிடிகூடக் கட்டாயம் இல்லை. பரந்த பூங்காவில் நீளத்துக்குப் பஞ்சமில்லை. நிலத்தின் வளைவோடு சேர்த்துப் பாதையை நீட்டிவிட்டால் போதும். இது ஓம்ஸ்டெட்டும் வாக்ஸும் கையாண்ட அதே உத்தி.

இந்த விதிகளெல்லாம் தானாக வரவில்லை. 1990 மார்ச் 12 அன்று வாஷிங்டனில், மாற்றுத்திறனாளிகள் பலர் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, நாடாளுமன்றக் கட்டடத்தின் மேற்குப் படிக்கட்டில் கைகளாலும் முழங்கால்களாலும் ஊர்ந்து ஏறினார்கள். அவர்களில் எட்டு வயதுச் சிறுமியும் இருந்தாள். அதே ஆண்டு ஜூலை 26-ல் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் கையெழுத்தாயிற்று. அந்த மேற்குப் பக்கத்துப் பளிங்கு மாடங்களை வடிவமைத்தவர் யார் தெரியுமா? அதே ஓம்ஸ்டெட். 1874-ல் அந்த வளாகத்தை அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. சென்ட்ரல் பார்க்கில் சரிவுகளை இவ்வளவு நுட்பமாக யோசித்தவரின் கை, அதிகார பீடத்துக்கு வந்தபோது மாபெரும் படிக்கட்டைத்தான் வரைந்தது. காலில் ஊனத்தோடு வாழ்ந்தவரே அப்படிச் செய்தார் என்றால், நல்ல மனமும் சொந்த அனுபவமும் மட்டும் போதாது, சட்டம் வேண்டும் என்றுதான் பொருள். பாரம்பரியத்துக்காகக் கவலைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரு மாற்றம் வரலாற்றுச் சின்னத்தின் சிறப்பையே அழித்துவிடும் என்றால், வேறு முறையில் வசதி செய்துதர அந்தச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. 1963-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட சென்ட்ரல் பார்க்குக்கும் இது பொருந்தும். விதிவிலக்கு இருக்கிறது. அதை முதல் பதிலாகப் பயன்படுத்துவதுதான் தவறு.

சென்ட்ரல் பார்க்கில் வடக்கே போகப் போக, பழமையும் வசதியும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதற்கு இன்னும் தெளிவான சான்றுகள் கிடைக்கின்றன. நடுவே 106 ஏக்கரில் நீர்த்தேக்கம் இருக்கிறது. அதைச் சுற்றி இரண்டரை கிலோமீட்டர் ஓட்டப் பாதை. பல பத்தாண்டுகளாக உயரமான கம்பிவலை அதை மறைத்திருந்தது. 2003-ல் அதை எடுத்துவிட்டு, ஆதியில் இருந்ததைப் போலவே ஏறத்தாழ 4 அடி உயரத்தில் இரும்பு வேலி அமைத்தார்கள். பழமையை மீட்பதே நோக்கம். ஆனால் அதே வேலையில், சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கும் சிறு பிள்ளைக்கும் நீர்ப்பரப்பு திரும்பக் கிடைத்தது. பாதையின் சரளைத் தளத்தில் சக்கரம் உருட்டுவது எளிதல்ல என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். வடகோடியில், 1966-ல் கட்டிய பனிச்சறுக்கு அரங்கம் ஒன்று ஓடைக்கும் ஹார்லெம் மியர் ஏரிக்கும் இடையே சுவர்போல நின்று இரண்டையும் துண்டித்திருந்தது. அதை அகற்றிவிட்டு, சரிவுக்குள் ஒளிந்தாற்போல ஒரு புதிய கட்டடத்தை 2025-ல் திறந்தார்கள். ஓடை மறுபடி ஏரியில் கலக்கிறது, துண்டாகிக் கிடந்த நடைவழிகள் மறுபடி இணைந்தன. நிலத்தோற்றத்தைப் பழையபடி ஆக்கிய திட்டமும் மக்கள் உள்ளே வர வழி திறந்த திட்டமும் ஒன்றுதான். கிழக்கே கன்சர்வேட்டரி கார்டன் என்ற மலர்த் தோட்டத்தின் புகழ்பெற்ற இரும்புக் கதவைத் தாண்டினால் படிக்கட்டுதான் வரவேற்கிறது. ஆனால் சற்றுத் தள்ளி, 106-வது தெருப் பக்கத்தில் படியில்லாத நுழைவு உண்டு. கதவும் படியும் அப்படியே இருக்கின்றன. தோட்டமும் எல்லோருக்கும் கிடைக்கிறது.

எதிர்வாதங்களில் வலுவானது வேறு ஒன்று. இயற்கை என்றால் கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கும், எல்லாவற்றையும் தார்ச்சாலை ஆக்கினால் காடு ஏது? சென்ட்ரல் பார்க்கில் ‘ராம்பிள்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. ஏறத்தாழ 36 ஏக்கர், பாறையும் மரவேரும் கற்படியும் ஒற்றையடிப் பாதையுமாக, வழி தவறுவதற்கென்றே வரைந்த காடு. இடம்பெயரும் பறவைகள் வந்து தங்கும் இடமும் அதுதான். அதை முழுவதும் சமப்படுத்தச் சொன்னால் நானும் எதிர்ப்பேன். அதற்கு வடக்கே பாறை உச்சியில் நிற்கும் பெல்வெடியர் கோட்டைக்குப் படியில்லா வழி போடும் யோசனை வந்தபோதும், பாறையின் தோற்றத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. அந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. எல்லாப் பாதையும் எல்லோருக்கும் என்பது கோரிக்கை அல்ல. ஒவ்வொரு வகை அனுபவமும் எல்லோருக்கும் எட்டவேண்டும் என்பதே கோரிக்கை: நீரின் ஓரம், மரத்தின் நிழல், பறவைச் சத்தம், மேலிருந்து பார்க்கும் ஒரு காட்சி, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு வழி. காட்டின் ஓரத்திலாவது ஒரு சமமான பாதை போனால், உள்ளே கரடுமுரடு இருக்கட்டும். பெல்வெடியர் போன்ற உச்சிகளில்தான் வடிவமைப்பாளரின் திறமைக்குச் சோதனை. அங்கே முடியாது என்ற முடிவுக்கு வருவதற்கு முன், எத்தனை வழிகளை வரைந்து பார்த்தீர்கள் என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு.

செலவைப் பற்றிய எதிர்வாதம் இதைவிட மெலிந்தது. சிலருக்காக இவ்வளவு பணமா என்று கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலக மக்கள்தொகையில் 16 சதவீதம் பேர் ஏதோ ஒரு பெரிய குறைபாட்டோடு வாழ்கிறார்கள். அவர்களோடு முட்டி வலிக்காரர்கள், கர்ப்பிணிகள், அறுவை சிகிச்சை முடிந்து தேறுகிறவர்கள், குழந்தை வண்டி தள்ளும் பெற்றோர் எல்லோரையும் சேர்த்தால் ‘சிலர்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. நியூஜெர்சியிலும் நியூயார்க்கிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம் ஊர் அப்பா அம்மாக்கள் சென்ட்ரல் பார்க்கைப் பார்க்காமல் திரும்புவது குறைவு. அவர்களில் பலருக்கு ஐம்பது படி என்றாலே மலைப்பு. அவர்களுக்குச் சாய்தளத்தைவிட முக்கியமானது உட்கார இடம். ஏறத்தாழ 10,000 பெஞ்சுகள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் சிறு எண் உண்டு. முதல் இலக்கங்கள் அருகிலுள்ள குறுக்குத் தெருவைக் குறிக்கும். கடைசி இலக்கம் இரட்டைப்படை என்றால் கிழக்குப் பக்கம், ஒற்றைப்படை என்றால் மேற்கு. வழி தவறிய முதியவரோ மயங்கி விழுந்தவருக்கு உதவி அழைப்பவரோ அந்த எண்ணைச் சொன்னால் போதும்.

பாதை போடுவதோடு வேலை முடிவதும் இல்லை. எல்ம் வேர்கள் தளத்தைத் தூக்குகின்றன, பனிக்காலத்தில் தார் வெடிக்கிறது, இலை உதிர்ந்து வழுக்குகிறது. அரை அங்குல மேடு நடப்பவருக்கு ஒன்றுமில்லை. சக்கர நாற்காலியின் சிறிய முன்சக்கரத்தை அது நிறுத்திவிடும். 1970-களில் நகரம் பணமின்றித் தவித்தபோது சென்ட்ரல் பார்க்கின் புல்வெளிகள் புழுதிக்காடாயின, படிகள் உடைந்தன. அப்போது பூங்கா யாருக்குமே எட்டாத இடமாகிப்போனது. 1980-ல் சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி என்ற அமைப்பு உருவாகி, நன்கொடை திரட்டிப் பராமரிப்பைக் கையில் எடுத்த பிறகே பூங்கா மீண்டது. எங்கே படி, எங்கே சரிவு, எந்த வழி எளிது என்று காட்டும் வரைபடத்தையும் அந்த அமைப்பு வெளியிடுகிறது. இந்த வரைபடம் சிறிய காரியம்போலத் தெரியலாம். வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே ‘என்னால் முடியுமா’ என்ற கேள்விக்கு நேர்மையான விடை தருவது அதுதான். விடை தெரியாத பலர் கிளம்புவதே இல்லை.

1990-ல் வந்த அந்தச் சட்டத்தின் தாக்கம் கடல் கடந்தும் வந்தது. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006-ல் உருவானபோது அதற்கு முன்னோடியாக இருந்தவற்றில் அதுவும் ஒன்று. 2007-ல் இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்தது. அதை நிறைவேற்றவே 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் வசதி விதிகளை வெறும் பரிந்துரைகளாக வைத்திருக்க முடியாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே நம் பழைய பூங்காக்களுக்கும் இது சட்டக் கடமை. தொட்டபெட்டா மலைச்சரிவில் 1848-ல் தொடங்கி அடுக்கடுக்காக அமைத்த ஊட்டி அரசுத் தாவரவியல் பூங்கா, சென்ட்ரல் பார்க்கைவிடவும் மூத்தது, மேடுபள்ளம் கூடியது. அங்கே எல்லா உச்சிக்கும் சாய்தளம் கேட்க வேண்டாம். முதல் வேலையாக, படி எங்கே தொடங்குகிறது, படியில்லா வழி எது, கழிப்பறையும் இருக்கையும் எங்கே என்று காட்டும் ஒரு தமிழ் வரைபடத்தை நுழைவாயிலிலும் கைபேசியிலும் கிடைக்கச் செய்யலாம். அதை வரையும்போது சக்கர நாற்காலியில் வரும் ஒருவரையும் பார்வையற்ற ஒருவரையும் உடன் அழைத்துச் சென்று அளக்கவேண்டும். அடுத்த மே மாத மலர்க் கண்காட்சிக்குள் தோட்டக்கலைத் துறை இதைச் செய்து முடிக்கட்டும்.